தானே கற்றலும் தனியே கற்றலும்

கல்லூரி வாயிலுட் புகுந்து, குறித்த ஆண்டுகள் இருந்து, பட்டம் பெற்று வெளிப்போந்தவரே கற்றவர் என்றும், அவ்வாயிலைக் கடவாதவர் எல்லாம் கல்லாதவர் என்றும் கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றி நிற்கின்றது. இதற்கு நேர்மாறாக, உலகம் போற்றும் பெரியோர் பலர் பள்ளிப்படிப்பை இடையில் விட்டவரே என்றும், ஆகவே கல்லூரியும் ஆசிரியரும் நூற்பயிற்சியும் வீண் என்றும் பேசித் திரிவாரும் உளர். தேர்வு நெருங்குங் காலத்தில் இப்பின்னவர் தொகை நம்முள் பெருகுவதை யாவரும் அறிவர். இவ்விரு கொள்கைகளும் பிழையுடையன என்பதே எம் துணிபு. அதனை வெறுஞ் சொல்லால் நிறுவ முயலாது, ஓர் ஓவியரின் வாழ்க்கையை எடுத்துக்காட்டி விளக்க விழைகின்றோம்.

அவ்வோவியர் நம் கடற்கு அக்கரையில் வாழ்ந்தவர். இலங்கைத் தீவின் கண்டி நகரில் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 17-ஆம் நாள் பிறந்து, 1993-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் மறைந்த ஜார்ஜ் கீட் என்பார் அவர். தூத்துக்குடியில் வாழ்வார்க்கு இலங்கை தொலைவான அயல்நாடாகத் தோன்றுவதில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வழி ஏற்படுமுன், சென்னையினின்று வரும் மெயில் வண்டி நம் ஊரில்தான் நின்றது. பயணிகள் இங்கிருந்தே நீராவிக் கப்பலேறிக் கொழும்பு சென்றனர். நம் தோணிகள் அத்துறைமுகத்திற்கு வெங்காயமும் ஓடும் பருப்பும் ஏற்றிச் சென்ற வரலாறு நெடியது. ஒல்லாந்தர் 1658-இல் நம் ஊரைக் கைப்பற்றி ஆண்ட காலத்தில் இலங்கைக் கரையும் அவர்தம் ஆட்சியிலேயே இருந்தது. அவ்வொல்லாந்தர் வழிவந்த பறங்கியர் குடியிற் பிறந்தவரே கீட். ஆதலின் அவரை நம் அண்டை வீட்டார் ஒருவராகவே எண்ணிப் பேசுதல் பொருந்தும்.

கீட் கல்வி கற்ற இடம் கண்டி டிரினிடிக் கல்லூரி. 1872-இல் தொடங்கிய அதுவும் நமது கல்லூரியைப் போல மிஷனரிமாரால் நிறுவப்பெற்றதே. ஆங்குத் தேர்வுகளில் அவர் சிறந்து விளங்கினார் அல்லர். ஆயினும் கைக்கெட்டிய நூலையெல்லாம் படிக்கும் வேட்கை அவர்பால் மிக்கிருந்தது. ஓவியக் கல்லூரி எதிலும் அவர் பயின்றதில்லை. இலண்டனுக்கோ பாரிசுக்கோ சென்று ஆசிரியர் ஒருவர் முன் அமர்ந்து தூரிகை பிடித்ததும் இல்லை. 1927-ஆம் ஆண்டில், தம் இருபத்தாறாம் வயதளவில், அவர் ஓவியம் எழுதத் தொடங்கினார். அவ்வயதில் ஒருவன் புதுத்தொழில் தொடங்கினால், காலங்கடந்த முயற்சி என்று நகைப்பாரே நம்முள் மிகுதி. கீட் நகைப்புக்கு அஞ்சினாரில்லை. அன்று எடுத்த தூரிகையை அறுபது ஆண்டுகட்கு மேலும் கீழே வையாது உழைத்தார்.

ஈண்டு ஒரு வினா எழும். ஆசிரியர் இல்லையெனின் அவர் எங்ஙனம் கற்றார்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவதாக, அவர் தாம் பிறந்த மண்ணினின்று கற்றார். கண்டி மலைநாட்டு விகாரைகளின் சுவர்களிற் பண்டைச் சித்திரக்காரர் தீட்டிய ஓவியங்களை அவர் இளமை முதலே கண்டவர். ஆழ்ந்த சிவப்பும் மஞ்சளும் நிரம்ப, ஒளி நிழல் வேறுபாடு காட்டாது, உருவங்களைக் கோட்டினாலேயே எழுப்பிக் கதையை வரிசை வரிசையாகச் சொல்லுவது அவ்வோவிய மரபு. தெகல்தொறுவை விகாரையில் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற சுவரோவியங்கள் இதற்குச் சிறந்த சான்று. ஐந்தாம் நூற்றாண்டிற் காசியப்ப மன்னன் காலத்துச் சிகிரியா மலைப்பாறையில் எழுதப்பெற்ற மாதர் உருவங்களும் அவர் கண்முன் இருந்தன. கிறித்தவக் குடியிற் பிறந்தும், ஆங்கிலம் பேசும் இல்லத்தில் வளர்ந்தும், அவர் பௌத்தத் துறவிகளை அடுத்துப் புத்தர்பிரான் வரலாற்றையும் சிங்கள இலக்கியத்தையும் விரும்பிப் பயின்றார். பிற்காலத்தே இந்து சமயப் புராணங்களிலும் இந்தியச் சிற்பங்களிலும் தோய்ந்தார். 1940-இல் அவர் சயதேவரின் கீத கோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். இராதையும் கண்ணனும் அவர் திரைகளில் மீண்டும் மீண்டும் தோன்றுவதற்குக் காரணம் இப்பயிற்சியே.

இரண்டாவதாக, அவர் தொலைநாட்டாரிடமிருந்து கற்றார். ஐரோப்பாவில் நிகழ்ந்த புதுமைகளைப் புத்தகங்களிலும் அச்சுப் படங்களிலும் கண்டு ஆராய்ந்தார். எசுப்பானிய நாட்டுப் பிக்காசோவின் முறை அவரைப் பெரிதும் ஈர்த்தது. முகத்தின் முன்தோற்றத்தையும் பக்கத்தோற்றத்தையும் ஒரே வடிவில் இணைத்து எழுதுவதும், உடலைப் பல தளங்களாகப் பகுத்து மீண்டும் ஒன்று சேர்ப்பதும் அம்முறையின் இயல்புகள். கீட் எழுதிய நாயகியர் முகங்களில் இவ்விணைப்பைக் காணலாம். ஆயினும் அம்முகங்களின் நீண்ட விழிகளும், தோளின் வளைவும், அணிகலனும், ஆடையும் நம் கோயிற் சிற்பங்களை நினைப்பூட்டுவனவேயன்றிப் பாரிசு நகரத்தை நினைப்பூட்டுவன அல்ல.

மூன்றாவதாக, அவர் நண்பரிடமிருந்து கற்றார். இதனை எம் அன்பர்கள் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். இலங்கையிற் கல்வித்துறையின் ஓவிய ஆய்வாளராக இருந்த வின்சர் என்னும் ஆங்கிலேயர், அக்காலத்துப் பள்ளிகளில் நிலவிய உயிரற்ற வரைபடப் பயிற்சியிற் சலிப்புற்று, இளைஞர்க்குப் புதிய ஐரோப்பிய ஓவியத்தை அறிமுகஞ் செய்துவைத்தார். பியானோ இசையிலும் நிழற்படக் கலையிலும் வல்லவரான லயனல் வெண்ட் என்பார், கீட்டின் படங்களை உலகம் அறியச் செய்வதில் தளராது உழைத்தார். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா, 1929, 1930 ஆண்டுகளில் தம் நாட்டுத் தூதராகக் கொழும்பில் இருந்தபோது, கீட்டின் ஓவியங்களைக் கண்டு பாராட்டி எழுதினார். அன்று நெருடாவும் இருபத்தைந்து வயது இளைஞரே. அவர் 1971-இல் நோபல் பரிசு பெற்றமை அனைவரும் அறிந்தது.

இவற்றையெல்லாம் நோக்கின், கீட் தானே கற்றவர் என்பது உண்மை. அவர் தனியே கற்றவர் என்பது உண்மையன்று. இவ்விரு சொற்களையும் ஒன்றாகக் கொண்டதனாலேயே நாம் மேற்கூறிய இரு பிழைகளும் பிறந்தன என்பது எம் கருத்து. தானே கற்றல் என்பது எதைக் கற்பது, எவரிடம் கற்பது, எந்நேரம் கற்பது என்பவற்றைத் தானே தெரிந்துகொள்ளுதல். தனியே கற்றல் என்பது எவர் துணையையும் நாடாது, எந்நூலையும் தொடாது, எம்மரபையும் மதியாது தன் மனம் போனவாறு நடத்தல். முன்னது அரிய ஒழுக்கம். பின்னது செருக்கின் ஒரு வடிவம். பாரதத்து ஏகலைவனையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் ஏற்க மறுத்தபோதும், அவன் அவ்வாசிரியர் உருவத்தை மண்ணாற் செய்து முன்நிறுத்தியன்றோ வில் பயின்றான்! தானே கற்றவர்க்குத் தலைமை சான்ற அவனுக்கும் ஓர் ஆசிரியர் வேண்டியிருந்தது.

கீட் பிக்காசோவைப் பின்பற்றியவர் என்று கூறி அவர் பெருமையைக் குறைப்பாரும் உளர். இக்குற்றச்சாட்டை ஆராய்தல் வேண்டும். 1907-இல் பிக்காசோ ஓவிய உலகை அதிரச்செய்த அவிஞ்ஞோன் மாதர் என்னும் படத்தை எழுதியபோது, தம் நாட்டுப் பண்டைச் சிற்பங்களையும் ஆப்பிரிக்க மக்களின் முகமூடிகளையும் கண்டு அவற்றினின்று வடிவங்களைக் கொண்டார். அவர்தம் தந்தையார் ஓவிய ஆசிரியர். மகனுக்கு முதற்பயிற்சி அளித்தவரும் அவரே. ஓவியப் பள்ளியிற் பயின்ற பிக்காசோ பள்ளி கற்பித்த முறையை உடைக்க ஆப்பிரிக்காவை நோக்கினார். ஓவியப் பள்ளியே காணாத கீட் தம் மண்ணின் மரபைப் புதுக்குதற்குப் பிக்காசோவை நோக்கினார். கொள்வதிற் குற்றமில்லை, கொண்டதைத் தன்னதாக்காமையே குற்றம். நம் தமிழிலும் கம்பர் வான்மீகியாரிடமிருந்து கதையைக் கொண்டார். அதனால் கம்பர் புகழ் குன்றிற்றா? எனினும், கீட் பிற்காலத்து எழுதிய படங்களுட் சில முன்னைய படங்களையே திரும்பக் கூறுகின்றன என்று குறைகூறுவோர் சொல்லில் ஓரளவு உண்மை உண்டு. திருத்துவோர் அருகில் இல்லாத கலைஞனுக்கு நேரும் இடர் இது. பாராட்டு மிகுந்தவிடத்தும் அதே இடர் நேரும்.

கீட்டின் தனிச்சிறப்பைக் காட்டும் செயல்களுட் தலையாயது கொழும்பு பொறளையிலுள்ள கோதமி விகாரையின் சுவரோவியம். 1939, 1940 ஆண்டுகளில் அவர் அவ்விகாரையின் உட்சுவர்களிற் புத்தர்பிரானின் பிறப்பு முதற் பரிநிருவாணம் வரையுள்ள வரலாற்றைத் தொடர்ச்சியாக எழுதினார். வழிபடும் எளிய மக்கள் புதுமுறை ஓவியத்தை ஏற்பார்களா என்று அஞ்சும் அறிஞர்க்கு இச்சுவர்கள் விடை கூறுகின்றன. அவை செல்வர் மாளிகையில் அடைபட்டவை அல்ல. மலர் ஏந்தி வரும் தாய்மாரும் குழந்தைகளும் நாள்தோறும் காண்பவை.

இதே காலத்தில் டிரினிடிக் கல்லூரியின் மற்றொரு மாணவரையும் கருதுவோம். மிஷனரிப் பெற்றோர்க்கு 1900-இல் அல்மோராவிற் பிறந்த டேவிட் பெயின்டர், இலண்டன் அரச கலைக்கழகத்தின் பள்ளியில் உதவிச் சம்பளம் பெற்றுப் பயின்று திரும்பியவர். அவர் தம் கல்லூரிச் சிற்றாலயத்தின் சுவர்களிற் கிறித்துபெருமான் வரலாற்றை எழுதியபோது, இலங்கை மண்ணையும் இலங்கை மக்களின் மேனி நிறத்தையும் அவற்றிற் காட்டினார். ஒரே கல்லூரி, ஏறக்குறைய ஒரே வயது. ஒருவர் முறையாகப் பயின்றார், மற்றவர் தாமே பயின்றார். ஒருவர் கிறித்தவ ஆலயச் சுவரிலும், மற்றவர் பௌத்த விகாரைச் சுவரிலும் தம் நாட்டின் முகத்தை எழுதினர். இவருள் எவர் வழி சிறந்தது என்று வாதிடுதல் பயனற்றது. இரு வழிகட்கும் இடந்தந்த கல்லூரியே கல்லூரி என்பது எம் கருத்து.

இவ்வுண்மையை 1943-ஆம் ஆண்டு இன்னுந் தெளிவாகக் காட்டிற்று. அவ்வாண்டில் லயனல் வெண்டின் முயற்சியால் இலங்கை ஓவியர் சிலர் ஒன்றுகூடி ஒரு குழுவை அமைத்து, அதற்கு அவ்வாண்டின் பெயரையே சூட்டி, நாற்பத்துமூன்றுக் குழு என்றனர். அதன் உறுப்பினரை நோக்குங்கள். ஜஸ்டின் தரணியகல இலண்டனிலும் பாரிசிலும் ஓவியம் பயின்றவர். ஹாரி பீரிசும் மேல்நாட்டுப் பயிற்சி பெற்றவர். மஞ்சுஸ்ரீ என்பார் துறவியாயிருந்து, பழைய விகாரைகளின் ஓவியங்களைப் படியெடுப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். ஜார்ஜ் கிளாசன் கீட்டைப் போலவே தாமாகக் கற்றவர். கொழும்புத் துறைமுகத்தில் வரைபடக்காரராகப் பணியாற்றியவர். துறைமுக ஊழியரும், மேல்நாடு சென்று கற்றவரும், துறவியும், கீட்டும் ஒரே கூடத்திற் படங்களைத் தொங்கவிட்டனர். வெண்ட் 1944-இல் மறைந்தபின்னும் குழு கலையவில்லை. 1952-இல் இக்குழுவின் ஓவியங்கள் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பெற்றன. பட்டம் பெற்றவர் பட்டமில்லாதவரைத் தாழ்வாகவும், பட்டமில்லாதவர் பட்டம் பெற்றவரைப் பொறாமையாகவும் நோக்கியிருந்தால் இக்குழு ஓராண்டும் நிலைத்திராது.

கீட் இந்தியாவிலும் பல காலம் தங்கி எழுதினார். 1947-இல் பம்பாயில் அவர்தம் ஓவியக் காட்சி நடந்தது. 1950-இல் மார்க் வெளியீடாக மார்ட்டின் ரசல் என்பார் அவரைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. 1988-இல் அவர் பெயரால் அமைந்த அறநிலையம், 1993 முதற் கொழும்பு நகரத் தெருவில் கலா பொல என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தையை நடத்தி வருகின்றது. பெயர்பெற்றவரும் பெறாதவரும் மரநிழலில் தம் படங்களை வைத்து விற்கலாம். அச்சந்தை கூடும் தெரு ஆனந்த குமாரசுவாமி அவர்கள் பெயர் தாங்கியது. இதுவும் பொருத்தமே. ஈழத்துத் தமிழ்க் குடியில் வந்த அவ்வறிஞர் கல்லூரியிற் பயின்றது நிலநூல். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராயிருந்தவர். மலைகளை ஆராயச் சென்றவிடத்துச் சிற்பங்களையும் கைவினைகளையும் கண்டு, அவற்றைத் தாமே கற்று, 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். பின்னர் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகர அரும்பொருளகத்தில் இந்தியக் கலைப்பகுதியின் பொறுப்பேற்றார். வங்கத்து இரவீந்திரநாதரும் அறுபது அகவை கடந்த பின்னரே ஓவியத்தில் முனைந்து, எவரிடமும் முறையாகக் கல்லாது, 1930-இல் பாரிசு நகரிற் காட்சி நடத்தினார். கற்கத் தொடங்குதற்கு வயதெல்லை வகுப்பார் இவ்விருவரையும் நினைத்தல் நலம்.

இனி, இவை யாவும் நம் ஊருக்கு எவ்வாற்றாற் பொருந்தும் என்பதைக் கூறுவோம்.

முத்துக்குளித்தலால் உலகப் புகழ் பெற்றது நம் கடற்கரை. 1955 முதல் 1961 வரை நடைபெற்றதே இங்கு நிகழ்ந்த இறுதி முத்துக்குளிப்பு. சங்கு குளித்தல் இன்றும் நடைபெறுகின்றது. அக்காலத்துக் குளியாளி கல்லின் பாரத்தால் முத்துப்பாரை நோக்கி இறங்குவான். மூச்சு அவனுடையது; துணிவு அவனுடையது; சிப்பியைத் தேடிப் பறிக்கும் கை அவனுடையது. ஆயினும் தோணியில் ஒருவன் அவன் கயிற்றைப் பற்றி நிற்பான். கீழிருந்து வரும் அசைவை உணர்ந்து அவன் இழாவிடின் குளியாளி மீள்வதில்லை. பார் எங்குள்ளது, நீரோட்டம் எத்தகையது என்பவற்றைச் சொல்லிவைத்த முன்னோர் அறிவும் உடன் இருந்தது. எப்பள்ளியும் இத்தொழிலைக் கற்பிக்கவில்லை. எனினும் எவரும் இதைத் தனியே கற்கவில்லை. தானே கற்றலுக்கும் தனியே கற்றலுக்கும் உள்ள வேற்றுமையை நம் பரதவ மக்கள் நூலின்றியே அறிந்திருந்தனர்.

இக்கடற்கரைக்கு வந்த அண்ட்ரிக் அடிகளாரும் இவ்வாறே கற்றார். போர்ச்சுகல் நாட்டினரான அவர் வந்தபோது, அயல்நாட்டார் தமிழ் பயில்தற்கு ஏற்ற இலக்கண நூல் எதுவும் அவர் கையில் இல்லை. புன்னைக்காயலிலும் சுற்றூர்களிலும் வாழ்ந்த மக்களின் வாய்மொழியைக் கேட்டுக் கேட்டுத் தமிழைக் கற்று, அதற்குத் தாமே ஓர் இலக்கணம் வகுத்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவர் உழைப்பின் பயன். தமிழ் எழுத்து அச்சேறிய வரலாற்றில் நம் கரைக்கு உரிய இடம், தானே கற்ற ஒருவரால் வந்தது என்பதைத் தமிழ் பயிலும் யாம் பெருமையோடு நினைக்கின்றோம். அவர்க்கும் ஆசிரியர் இருந்தனர். வலை இழுத்த பரதவரே அவ்வாசிரியர்.

ஓவியத்திலும் நம் மாவட்டம் வறியதன்று. 1898-இற் பிறந்து 1976-இல் மறைந்த கொண்டையராஜு அவர்கள், சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்று, நாடகக் குழுவிற்குத் திரை எழுதி, கோவிற்பட்டியிலேயே தங்கிவிட்டவர். ஓவியக் கல்லூரியைக் காணாத இளைஞர் பலர் அவரைச் சூழ்ந்திருந்து கற்றனர். சிவகாசி அச்சகங்களின் வழியாக அவர்தம் தெய்வப் படங்கள் நாட்காட்டிகளில் ஏறித் தமிழகத்து இல்லந்தோறும் சுவரை அணிசெய்தன. தாம் பெற்ற பயிற்சியைப் பட்டமில்லாதவர்க்குப் பகிர்ந்தளித்த அப்பெரியார், கயிறு பற்றி நின்றவர் அன்றோ!

ஆனால் இன்றைய நிலை யாது? நம் தெருக்களிற் கடைப்பலகை எழுதியும், தோணிகளிற் பெயரும் உருவமும் தீட்டியும், சுவர்களில் விளம்பரம் வரைந்தும் வாழ்ந்த ஓவியர் பலர். அவருட் பெரும்பாலார் தாமே கற்றவர். ஃபிளெக்ஸ் அச்சுத் தட்டிகள் வந்தபின் அவர் தொழில் நலிந்தது. அவரை ஓவியர் என்று அழைப்பாரும் அரியர். பெயிண்டர் என்றே அழைத்துக் கூலி கொடுத்து அனுப்பிவிடுகின்றோம். உப்பளத்திற்கும் கடலுக்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் சென்றமையாற் பள்ளியை விட்ட இளைஞருள் எத்தனை பேர் கரித்துண்டாற் சுவரில் எழுதும் வல்லமை உடையராயிருப்பர்! அவர்க்கு ஒரு வின்சரும் ஒரு வெண்டும் எங்கே? புத்தகம் எங்கே?

நம் நூல்நிலையத்தில் உலக ஓவியங்களைப் பற்றிய நூல்கள் உள்ளன. அவை தடித்த அட்டையும் வண்ணப் படங்களும் உடையன. விலை மிகுந்தமையால் எவரும் தொடாவண்ணம் கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன. பாடத்திட்டத்தில் இல்லாமையால் மாணவர் அவற்றைக் கேட்பதில்லை. கேட்கக்கூடியவரோ வாயிலுக்கு வெளியே நிற்கின்றனர். அடையாளச் சீட்டின்மையால் உள்ளே வர இயலாது. கற்க இடமுடையார்க்கு வேட்கையில்லை; வேட்கையுடையார்க்கு இடமில்லை. இந்நிலையே எம் உள்ளத்தை வருத்துகின்றது.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களைக் கல்லூரித் தலைவர் முன்னும், ஆசிரியப் பெருமக்கள் முன்னும், பழைய மாணவர் முன்னும் பணிவோடு வைக்கின்றோம்.

ஒன்று: வாரத்தில் ஒரு மாலை நூல்நிலையத்தின் ஓர் அறையை, மாணவர் அல்லாத இவ்வூர் இளைஞர்க்குத் திறந்துவிடுதல் வேண்டும். நூலை வெளியே எடுத்துச் செல்ல வேண்டுவதில்லை. அங்கேயே அமர்ந்து காணவும் படியெடுக்கவும் இடந்தந்தால் போதும். முறை வைத்து மேற்பார்க்க மாணவராகிய நாம் முன்வருதல் வேண்டும்.

இரண்டு: கல்லூரி நாள் விழாவின்போது, படம் எழுதும் எவரும், கடைப்பலகை ஓவியர் முதலாகப் பள்ளியை விட்ட சிறுவர் ஈறாக, தம் படங்களை நம் மரநிழலில் வைக்க இடமளித்தல் வேண்டும். நடுவரும் பரிசும் வேண்டா. எழுதியவர் பெயரை அவர்தம் படத்தின் கீழ் எழுதிவைத்தல் மட்டும் இன்றியமையாதது. பெயர் எழுதப்பெறாமையே இவர்கள் பட்ட பெருந்துன்பம்.

மூன்று: ஓவியத்தில் விருப்பமுடைய மாணவரும் ஊராரும் திங்கள் ஒருமுறை கூடி, ஒருவர் படத்தை மற்றவர் அஞ்சாது ஆராய்ந்து பேசும் சிறு குழு ஒன்று அமைதல் வேண்டும். பழைய மாணவருள் இக்கலையில் வல்லார் உளராயின், ஆண்டுக்கு ஓரிரு நாள் வந்து உதவினால் அது பேருதவியாகும்.

இவற்றிற்கு மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். நூல்கள் கெடும் என்பர் சிலர். தொடப்படாத நூலைப் பூச்சி தொடுகின்றது. தொடப்பட்டுக் கெடுதலே நூலுக்குப் பெருமை. இதனாற் கல்லூரியின் மதிப்புக் குறையும் என்பர் வேறு சிலர். நீர் இறைக்கும் ஊருணியின் ஊற்று அடைபடுவதில்லை என்பது அவர்க்கு எம் விடை. தானே கற்பாரைப் போற்றினால் மாணவர் வகுப்பைப் புறக்கணிப்பர் என்பாரும் உளர். அவர் அச்சத்திற்குக் கீட்டின் வாழ்க்கையே மருந்து. தேர்வைப் பொருட்படுத்தாத அவர் ஓய்ந்திருந்தாரில்லை. தேர்வு எழுதுவாரினும் மிகுதியாகப் படித்தார். மொழிகள் கற்றார், பாடல் இயற்றினார், பழைய சுவர்களின் முன்பும் புதிய படங்களின் முன்பும் நெடுநேரம் நின்றார். அவரைக் காட்டி வகுப்பை விடுவோன், அவர் உழைப்பையும் உடன் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். அதற்கு ஒருப்படுவான் எவனும் வகுப்பினாற் கெடான்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. குறித்த நூலில் குறித்த பகுதியைக் குறித்த வினாவிற்காகப் படித்து, விடைத்தாளில் இறக்கிவைத்தபின் மறந்துவிடும் பழக்கம் எம்முள்ளும் உண்டு. ஆசிரியர் கற்பித்ததற்கு மேல் ஒரு நூலைத் தாமே தெரிந்தெடுத்துப் படியாதவன், நால்வர் ஆசிரியர் சூழ இருந்தும் கல்லாதவனே. பட்டம் பெறுநாளில் எம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்கும். அத்தாளுக்குப் பின் அறுபது ஆண்டுகள் கற்கும் வேட்கை எமக்கு உண்டா என்பதே வினா.

கடலுக்கு அப்பால் ஒருவர் அதனைச் செய்து காட்டினார். இக்கரையிலும் செய்வார் உளர். அவர் பெயர் இன்னும் எவர் நாவிலும் ஏறவில்லை. வரும் கல்வியாண்டு தொடங்குமுன் அவ்வறையின் கதவைத் திறந்து, அவர்க்கு ஓர் இருக்கையும் ஒரு விளக்கும் அளிப்போமாக.